ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

போன மாதம் நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி முடிந்து வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் எல்லாரும் சேர்ந்து அந்தப் பழைய லொறிப் பயணங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடினீர்கள். அடேயப்பா, என்ன சிரிப்பு, என்ன பெருமூச்சு! நுவரெலியா ஏரிக்காற்று, சீதையம்மன் கோயில் ஓடை, லொறியில் பாடிய பாட்டு. அந்த மாதிரி நாள் இனி வருமா என்று அத்தை மகன் கேட்டான். அதோடு வாயை மூடியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். "நல்லா போய்க்கிட்டிருந்த பயணத்த இவ அம்மாதான் கெடுத்துச்சு" என்று என்னைக் காட்டிச் சொன்னான். சித்தப்பா மகள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். என்னோடு கூடப் பிறந்த தம்பியும் பல்லைக் காட்டினான்.

கல்யாண வீட்டில் வாய்ச்சண்டை வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து வயிறு எரிகிறது. தம்பியைத் தவிர நமக்கெல்லாம் எழுபது தாண்டிவிட்டது. இன்னும் எத்தனை கல்யாணத்தில் இந்தப் பொய்யைச் சொல்லிச் சிரிக்கப் போகிறீர்கள்? அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபம் வந்தால் வரட்டும், எனக்கு ஒன்றும் குடி முழுகிப் போகாது.

முதலில் அந்த லொறி. அது தலவாக்கலைக் கடைக்கார மாமாவுடையது. சொந்த மாமா இல்லை. பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், அப்பாவுக்குக் கூட்டாளி. வார நாளில் அரிசி மூட்டையும் கருவாட்டுச் சிப்பமும் ஏற்றுகிற லொறி, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவி, குறுக்கே பலகை போட்டு, எங்களை ஏற்றும். எவ்வளவு கழுவினாலும் கருவாட்டு வாடை மட்டும் போகாது. நீங்கள் சொன்ன ஏரிக்காற்று எனக்கு ஞாபகம் இல்லை, அந்த வாடைதான் ஞாபகம் இருக்கிறது. பாவாடையில் ஏறினால் துவைத்தாலும் இரண்டு நாள் கூடவே வரும்.

தை பிறந்து, பனி விழுந்து, தேயிலைக் கொழுந்து கருகி நிற்கிற காலம் அது. மலையில் வேலை குறைவு. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிற வேலையும் கிடையாது. அதனால் அந்த ஒரு பருவம் முழுக்கப் பயணம் போனோம். எனக்கு ஒன்பது பத்து வயது. அத்தை மகன் என்னைவிட மூத்தவன், சித்தப்பா மகள் என் வயது. தம்பி அப்போது இடுப்பில் இருந்த குழந்தை. தம்பி, உனக்கு மூக்கு ஒழுகினால் துடைக்கத் தெரியாத வயது, உனக்கென்னடா ஞாபகம்? ஊரார் சிரித்தால் நீயும் சிரிப்பாயா?

பெரட்டு என்றால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது தெரிந்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கொம்பு ஊதுவார்கள். ஆட்கள் வந்து வரிசையாக நிற்க வேண்டும். கங்காணிகளுக்கு மேலே இருக்கிற கண்டாக்கு ஐயா வந்து தலையை எண்ணி, எந்தக் கங்காணியின் ஆட்கள் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். பிந்தி வந்தவருக்கு அன்றைக்கு வேலை இல்லை, வந்த வழியே வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்கள் அப்பா கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. அந்தப் பெண்களில் ஒருத்தி எங்கள் அம்மா. வாரம் ஆறு நாளும் அம்மாவை வரிசையில் நிறுத்தி எண்ணி, "அந்தக் கடைசித் தொங்கல் நிரையப் பிடி, கைய ஓட்டு" என்று விரட்டுவது அப்பாவின் உத்தியோகம். அதை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் உலை கொதித்தது அதனால்தான்.

ஏழாவது நாளும் அதையே செய்தார். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

லொறி போய் எங்கே நின்றாலும் அப்பா முதலில் இறங்குவார். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கோட்டுக் காலரில் பின்பக்கமாக மாட்டித் தொங்கும் குடை. மலைக்குப் போகிற அதே கோலம். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதுவார். நாம் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, பிள்ளைகள் உயரப்படி. எண்ணுவார். எண்ணி முடித்து வேலை பிரிப்பார். விளையாடுவதற்கும் வேலை பிரித்த மனிதர் இந்த உலகத்தில் எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். "ஆம்பளைங்க ஏரிப் பக்கம். புள்ளைங்க பூந்தோட்டம், பூவத் தொட்டா முதுகு பிஞ்சிரும். பொம்பளைங்க புள்ளைங்களுக்குப் பின்னால." கடைசியாக அம்மாவைப் பார்ப்பார். "நீ சோத்துக்குக் காவல்."

ஒவ்வொரு தடவையும் அதேதான். நீ சோத்துக்குக் காவல்.

அந்தச் சோற்றைப் பற்றியும் பேசினீர்களே கல்யாணத்தில், புளிச்சோறு, கருவாட்டுச் சம்பல், அவித்த முட்டை என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு! அது என்ன, லொறியிலேயே முளைத்ததா? சனிக்கிழமை மலையிலிருந்து வந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, கூப்பன் அரிசியில் கல் பொறுக்கி, விடிவதற்குள் அத்தனை பேருக்கும் ஆக்கியது யார்? வாழை இலையை நெருப்பில் வாட்டி, ஆளுக்கொரு பொதியாகக் கட்டியது யார்? அத்தையும் சித்தியும் ஜடைக்கு ரிப்பன் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா ஒருத்திதான் அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

நுவரெலியாவுக்குப் போன அன்று லொறியை மார்க்கெட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அழுகிய லீக்ஸ் இலையும் முட்டைக்கோசு மட்டையும் குவிந்து கிடந்த இடம். நீங்கள் பூந்தோட்டத்தில் ஓடிப்பிடித்து விளையாடினீர்கள். நானும் விளையாடினேன், இல்லை என்று சொல்லவில்லை. தாகம் எடுத்துத் திரும்பி வந்தபோது அம்மா லொறிச் சக்கரத்தில் சாய்ந்து, தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை, பாசிதான். "ஏரி எப்புடி இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். பெரிசாக இருக்கிறது என்றேன். "அப்புடியா" என்றாள். நுவரெலியாவுக்குப் போய்வந்தவள் நுவரெலியா ஏரி எப்படி இருக்கிறது என்று பிள்ளையிடம் கேட்கிறாள். இதுதான் உங்கள் பொற்காலம்.

சீதையம்மன் கோயிலில் குரங்கு. அம்மா கையில் ஒரு சவுக்குக் கம்பைக் கொடுத்துவிட்டு எல்லாரும் ஓடைக்குப் போய்விட்டோம். கும்பிடுவதற்கும் அவளுக்கு முறை வரவில்லை. ரோட்டோரத்தில் நின்றபடி கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு முட்டைப் பாத்திரத்தில் கையை விட்டது. முட்டை குறைந்துவிட்டது என்று அத்தை முகத்தைச் சுளித்தாள். "ஒரு காவலு ஒழுங்கா இருக்க முடியல அண்ணிக்கு."

அன்றைக்குத்தான் அத்தை மகன் பெரட்டுக்குப் பிந்தினான். அத்தை மகனே, உனக்கு மறந்திருக்காது. பேரிக்காய் விற்கிறவனிடம் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாய். அப்பா விசில் ஊதி, எண்ணி, ஓர் ஆள் குறைகிறது என்று கண்டு, "பிந்துன ஆளுக்கு வேல இல்ல. எடு வண்டிய" என்று லொறியைக் கிளப்பச் சொன்னார். நீ "மாமா மாமா" என்று அலறிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாய். ஒரு வளைவு தள்ளி லொறி நின்றது. நீ மூக்கைச் சிந்திக்கொண்டு ஏறினாய். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கடைக்கார மாமா அப்பாவின் முதுகில் தட்டி, "கங்காணின்னா இப்புடி இருக்கணும்" என்றார். அப்பாவுக்கு அன்றைக்குப் பிடித்த பெருமை வீடு வரைக்கும் இறங்கவில்லை.

இப்போது யோசித்தால் அப்பாவின் வியாதி எனக்குப் புரிகிறது. துரை வந்தால் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறவர். கண்டாக்கு ஐயா எல்லார் முன்னாலும் "மடையா" என்று திட்டினால் சிரிக்கிறவர். இந்த நாட்டில் ஓட்டும் இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம் விட்டு வந்த நாட்டில் காணியும் இல்லை. அவர் ஊதினால் நிற்க ஒரு கூட்டம் வேண்டியிருந்தது, அந்தக் கூட்டமாக நாம் இருந்தோம். புரிகிறது என்றுதான் சொன்னேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

இனி அந்த அருவிக்கு வருகிறேன். ஹட்டன் ரோட்டிலிருந்தே தெரியுமே, அதுதான். எங்கள் தோட்டத்து உச்சி மலையில் கொழுந்து எடுக்கும்போது, வானம் வெளித்திருந்தால், தூரத்தில் அது வெள்ளைக் கோடாகத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கொழுந்து கிள்ளியவள். "கிட்டப் போய் ஒரு தடவ பாக்கணும்" என்று எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். வேறு எதையும் அவள் கேட்டு நான் அறிந்ததில்லை. சேலை வேண்டும், தோடு வேண்டும் என்று வாயைத் திறந்ததில்லை. அந்த அருவி ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு அங்கேதான் போகிறோம் என்றதும் அம்மாவின் முகமே மாறிவிட்டது. அப்பா சாப்பிடும்போது கேட்டாள்.

"என்னங்க, இந்தத் தடவ நானும் எறங்கிப் பாக்குறேனே."

"பாக்கலாம், பாக்கலாம்."

"சோத்துக்குக் காவலுக்கு வேற யாரையாச்சும் வைங்க."

"பாக்கலாம்னு சொல்றேன்ல."

அம்மா அதை நம்பினாள். பெட்டியிலிருந்து சிவப்புக் கரைச் சேலையை எடுத்து உதறி, கொடியில் போட்டுக் காற்றாட விட்டாள்.

லொறி ரோட்டோரத்து அகலமான இடத்தில் நின்றது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அருவி. அதன் அடிக்குப் போக, தேயிலைக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. அப்பா விசில் ஊதினார். வரிசையில் நின்றோம். அம்மாவும் சிவப்புக் கரைச் சேலையில் பெண்கள் வரிசையில் நின்றாள். அப்பா எண்ணினார், பிரித்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் அந்தக் கை விறைத்தது எனக்குத் தெரிந்தது.

"நீ சோத்துக்குக் காவல்."

அம்மா தம்பியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு லொறிக்குப் போனாள். நாங்கள் அருவிக்கு இறங்கினோம், சாரலில் நனைந்தோம், கத்தினோம், ஏறி வந்தோம். அம்மா எல்லாருக்கும் பொதியைப் பிரித்துக் கொடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள், பாத்திரத்தை ரோட்டோரத்து ஓடையில் கழுவிக் கவிழ்த்தாள். ஆண்கள் சவுக்கு மரத்தடியில் துணியை விரித்துச் சீட்டாட உட்கார்ந்தார்கள். அத்தையும் சித்தியும் பேன் பார்த்தார்கள். அப்போதுதான் அம்மா என் பக்கத்தில் குனிந்தாள்.

"நான் எறங்கிப் பாத்துட்டு வந்துர்றேன். தம்பியப் பாத்துக்க."

"அப்பாகிட்டச் சொல்லட்டா?"

"சோறுதான் தீந்துருச்சே. இனி எதுக்குக் காவலு?" என்றாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினாள். அவள் அப்படி விறுவிறு என்று நடந்து நான் பார்த்ததில்லை. மலையில் கூடையோடு வளைந்து வளைந்து நடக்கிறவள், அன்றைக்குக் கையை வீசிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. மழை வரும்போல இருக்கிறது, கிளம்பலாம் என்று கடைக்கார மாமா சொன்னார். அப்பா விசில் ஊதினார். எண்ணினார். மறுபடி எண்ணினார். ஆள் குறைந்தது.

"உங்கம்மா எங்க?"

"அருவி பாக்கப் போயிருக்காங்க" என்றேன்.

அப்பா பள்ளத்தாக்கைப் பார்த்து விசில் ஊதினார். இன்னும் பலமாக ஊதினார். அருவிக்கு அடியில் நின்றால் காதில் இடி விழுந்தாலும் கேட்காது. காலையில் அவரே அங்கே நின்றுவிட்டு வந்தவர்தானே, அது அவருக்குத் தெரியாதா? ஆனால் அப்பா அப்படி நினைக்கவில்லை. வீம்புக்கு வராமல் இருக்கிறாள் என்று நினைத்தார்.

கடைக்கார மாமா சிரித்தார். "என்ன கங்காணி, மலையில உங்க விசிலுக்கு அம்புட்டுப் பொம்பளைங்க நிக்கிறாங்க. வீட்டுக்காரி மட்டும் நிக்க மாட்டாங்களாக்கும்?"

அப்பாவின் முகம் கறுத்தது. "பெரட்டுன்னா எல்லாருக்கும் பெரட்டுத்தான். ஏறுங்க எல்லாரும். எடு வண்டிய."

அன்றைக்கு அங்கே இருந்த பெரியவர்களில் மனுசன் என்று சொல்லத்தக்கவர் ஒருவர்தான். லொறி ஓட்டிய சிங்கள டிரைவர். "கங்காணி, அக்கா இன்னும் வரயில்லதானே. கொஞ்சம் இருப்போம்" என்றார். முதலாளி "எடுப்பா" என்று அதட்டிய பிறகுதான் சாவியைத் திருப்பினார்.

நான் கத்தினேன். தம்பியைச் சித்தி மடியில் தள்ளிவிட்டு, லொறியின் பின்பலகையைக் கையால் அடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "சும்மா இருடி. அண்ணிக்குக் கொழுப்பு. பஸ்ஸில வரட்டும்." அந்த ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு மேல் பஸ் கிடையாது என்று அத்தைக்கு நன்றாகத் தெரியும்.

வளைவு வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். நான் பலகைகளைத் தாண்டி முன்பக்கம் ஓடினேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் தலைகள் திறந்திருந்த சின்னப் பின்ஜன்னல் வழியே எனக்குத் தெரிந்தன. அப்பா டிரைவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். நிப்பாட்டு என்று சொல்லத்தான் திறந்தார், சத்தியமாகச் சொல்கிறேன். அத்தை மகனுக்குச் செய்ததைப்போல ஒரு வளைவு தள்ளி நிறுத்தி, அம்மா மூச்சு வாங்க ஓடி வருவதைப் பார்த்து எல்லாரும் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் போட்ட கணக்கு. ஆனால் பின்னால் யாரும் ஓடி வரவில்லை. கடைக்கார மாமா அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "என்ன, மனசு வரலையோ?" என்றார். அப்பா வாயை மூடிக்கொண்டார். "நீ ஓட்டு" என்றார்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? பாட்டுப் பாடினீர்கள். அத்தை மகனே, நீதான் பலகையில் தாளம் போட்டாய். சித்தப்பா மகளே, நீதான் எடுத்துக் கொடுத்தாய். நீங்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற பாட்டு அந்தப் பாட்டுத்தான். பின்னால் ஒருத்தியை மூடுபனியில் நடுரோட்டில் விட்டுவிட்டு வந்த லொறியில் பாடியது. பிள்ளைகள்தானே, என்ன தெரியும் என்று அன்றைக்கு உங்களை விட்டுவிடலாம். எழுபது வயதில் அதைச் சொல்லி வெற்றிலை மெல்லுகிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று ராத்திரியைப் பற்றி எழுதப் போவதில்லை. அப்பா அம்மாவைத் தேடித் தலவாக்கலை வரை போய்த் தனியாகத் திரும்பி வந்தார். அது மட்டும் போதும்.

மறுநாள் விடியற்காலை தம்பியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தையை விடுகிற அந்த இடம் பெரட்டுக் களத்துக்கு எதிரே இருந்தது. கொம்பு இன்னும் ஊதவில்லை. ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்பா கோட்டும் தலைப்பாகையுமாகத் தன் ஆட்களுக்கு முன்னால் நின்றார். கண் சிவந்திருந்தது. அப்போது கீழ் ரோட்டிலிருந்து அம்மா ஏறி வந்தாள்.

சிவப்புக் கரைச் சேலை முழங்கால் வரை சேறு. தலைமுடி கலைந்திருந்தது. கூடையும் இல்லை, இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கும் இல்லை. அருவிப் பக்கத்துத் தோட்டத்தில் விறகு பொறுக்க வந்த ஒரு பெண் தன் காம்பராவில் படுக்க இடம் கொடுத்து, இருட்டோடு எழுப்பி அனுப்பியிருக்கிறாள். அது பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அம்மாவைப் பார்த்ததே போதுமாக இருந்தது. "அம்மா" என்று ஓடினேன். கையை நீட்டித் தம்பியின் கன்னத்தைத் தொட்டாள், என் தலையைத் தடவினாள், நிற்கவில்லை. நேரே களத்துக்குப் போனாள். அப்பாவின் வரிசையைத் தாண்டினாள். அடுத்த கங்காணியின் பெண்கள் நின்ற வரிசையில் போய்க் கடைசியாக நின்றாள்.

கொம்பு ஊதினார்கள். கண்டாக்கு ஐயா எண்ணிக்கொண்டே வந்து அம்மாவிடம் நின்றார்.

"என்ன புள்ள, வரிசை மாறி நிக்கிற? ஒன் கங்காணி அங்க. போ."

"இனிமே இங்கதாங்க ஐயா நிப்பேன். என் பேர அவருகிட்ட இருந்து எடுத்து இங்க போட்டுருங்க."

களத்தில் சிரிப்பு எழுந்தது. கண்டாக்கு ஐயாவும் சிரித்தார். "இந்தா, வீட்டுச் சண்டையெல்லாம் பெரட்டுக்குக் கொண்டுவரக் கூடாது."

"நான் கொண்டாரலீங்க ஐயா. அவருதான் பெரட்ட வீட்டுக்குக் கொண்டு போனாரு." அம்மா அப்பாவின் பக்கம் கையை நீட்டினாள். "ஞாயித்துக்கெழமையும் என்னைய வரிசையில நிக்க வச்சு வேல பிரிச்சாரு. நேத்துப் பெரட்டுக்குப் பிந்திட்டேன்னு அருவிக்கிட்ட ரோட்டுல விட்டுட்டு லொறி ஏறி வந்துட்டாரு. பிந்துன ஆளுக்கு அவருகிட்ட வேல இல்லையாம். சரிங்க ஐயா. எனக்கும் அவருகிட்ட வேல வேணாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். கண்டாக்கு ஐயாவும் பார்த்தார்.

"என்ன கங்காணி, நெசமா?"

அப்பா கோட்டுக் காலரில் தொங்கிய குடையைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"சரி, அங்கயே நில்லு" என்றார் கண்டாக்கு ஐயா. அடுத்த கங்காணி பழைய கூடை ஒன்றைக் கொடுக்கச் சொன்னார். அம்மா அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, அந்தச் சேறு பிடித்த சேலையோடேயே மலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த பேச்சு உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் பேசியது உங்கள் வீட்டார்தான். அத்தை பீலிக்கரையில் மண்ணை வாரித் தூற்றினாள். புருசன் மானத்தைக் கண்டாக்கு முன்னால் வாங்கிய சண்டாளி என்று சித்தப்பா லயம் கேட்கச் சத்தம் போட்டார். ரோட்டில் விட்டுவிட்டு வந்தது மானக்கேடு இல்லை, அதை வெளியே சொன்னதுதான் மானக்கேடு. நல்ல நியாயம்! அம்மா வழக்கம்போல ஆக்கினாள், அப்பாவுக்கும் போட்டாள். அப்பாவும் சாப்பிட்டார். மலையில் மட்டும் அவள் வேறொருவர் ஆள்.

அப்புறம் கந்தப்பளைக்கு ஒரு பயணம் வைத்தார்கள். லொறி வந்து லயத்துக்குக் கீழே நின்றது. நீங்கள் எல்லாரும் உடுத்திக்கொண்டு வந்துவிட்டீர்கள். அப்பா விசில் ஊதினார். அம்மா இஸ்தோப்புத் திண்ணையில், வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் படங்குச் சாக்கை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை.

"சோறு எங்க?" என்று அத்தை கேட்டாள்.

"நான் இவரு பெரட்டுல நிக்கிற ஆளில்லையே. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அம்மா.

அத்தை கத்தினாள். சித்தி மூக்கைச் சிந்தினாள். கடைக்கார மாமா கீழே ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். கடையில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று அப்பா எல்லாரையும் ஏற்றினார். நான் ஏறவில்லை. தம்பியும் அம்மா மடியில்தான் இருந்தான். லொறி போன பிறகு லயம் அமைதியானது. அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு, அருவி எப்படி இருந்தது என்று கேட்டேன். அதுவரை கேட்கத் துணிவு வரவில்லை.

"கிட்டப் போய் அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது. அம்புட்டு ஒசரம். ஒரு கல்லுல ஒக்காந்து கால நனைச்சேன். தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. யாரும் என்னைய என்னமும் கேக்கல."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, ஒக்காந்தே இருந்தேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் செருகியது. சாக்கில் சரிந்து படுத்தாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அம்மா பகலில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஈ வராமல் பாவாடை நுனியால் விசிறிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கே லொறி திரும்பிவிட்டது. கந்தப்பளையில் சாப்பாட்டுக் கடை பூட்டிக் கிடந்ததாம். பிள்ளைகள் பசியில் அழுதீர்கள், கடைக்கார மாமாவுக்கும் அப்பாவுக்கும் வாய்த்தகராறு முற்றியது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்து இறங்கினார்கள். அதுதான் கடைசிப் பயணம். அம்மா கெடுத்த பயணம் என்று நீங்கள் சொல்வது அதைத்தான். ஆமாம், கெடுத்தாள். நல்லா கெடுத்தாள்.

அப்பா படி ஏறி வந்து இஸ்தோப்பில் நின்றார். தூங்குகிறவளைப் பார்த்தார். "அடியே, எந்திரி! எல்லாரும் பட்டினியா வந்திருக்கோம்" என்று லயமே கேட்கக் கத்தினார்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "சத்தம் போடாதீங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.